இந்தச் சேவல்தான் வேண்டும் என்று கிளம்பினால்: பென்சில்வேனியாவில் வசந்த கால வான்கோழி வேட்டை

மார்ச் கடைசியில் ஒரு சேவலின் குரல் காதில் விழுந்து, அது எந்தச் சரிவில் அடைகிறது, விடிந்ததும் எந்தப் பக்கம் இறங்குகிறது என்றெல்லாம் பார்த்து வைத்துவிட்டு, சீசன் திறந்ததும் இதைத்தான் சுடுவேன், வேறெதுவும் வேண்டாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏதோ ஒரு வான்கோழி கிடைத்தால் போதும் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. ஜேக் என்று சொல்லப்படும் ஒரு வயதுச் சேவல்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து திரியும், சுமாராகக் கூப்பிட்டாலே ஓடிவரும், அதைச் சுட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்று நான்கு வருடம் தப்பிப் பிழைத்த கிழட்டுச் சேவல் அப்படி வராது. அதற்கு இங்குள்ள வேட்டைக்காரர்கள் பெயர்கூட வைத்திருப்பார்கள், சீசன் முழுக்க அதைத் திட்டிக்கொண்டே பின்னால் அலைவார்கள்.

நான் சொல்வதெல்லாம் பென்சில்வேனியாவை வைத்து, அங்குள்ள கிழக்கத்திய வகைக் காட்டு வான்கோழியை வைத்து. டெக்சஸில் இருக்கும் ரியோ கிராண்டே வகையோ, மேற்கு மலைகளில் இருக்கும் மெரியம்ஸ் வகையோ வேறு மாதிரி நடந்துகொள்ளும். சட்டமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போனால் பெட்டையின் குரலை எழுப்பும் விதவிதமான ஊதல்களை வாங்கச் சொல்வார்கள், யூடியூபைத் திறந்தால் எப்படிக் கூப்பிடுவது என்பதைத்தான் மணிக்கணக்கில் காட்டுவார்கள். ஒரு குறிப்பிட்ட சேவலைப் பிடிக்க அது கால்வாசிதான் உதவும். அந்தச் சேவல் எப்படியும் போகப்போகிற இடம் எது என்று தெரிந்துகொண்டு அதற்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருப்பதுதான் மீதி.

முதலில் சட்டம், சுருக்கமாக

முதல்முறை லைசென்ஸ் எடுப்பவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். சாதாரண வேட்டை லைசென்ஸோடு வசந்த காலத்துக்கு ஒரு சேவலுக்கான டேக், அதாவது சுட்ட பறவையில் கட்டும் சீட்டு, வரும், இரண்டாவது சேவலுக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், அதையும் சீசன் திறப்பதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். சீசன் ஏப்ரல் கடைசி அல்லது மே முதல் வாரத்துச் சனிக்கிழமை தொடங்கி மே கடைசி வரை போகும். முதல் பாதியில் சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னாலிருந்து நண்பகல் வரைதான் வேட்டை, பிற்பாதியில் நாள் முழுக்க. தேதிகளை ஒவ்வொரு வருடமும் மாநில வேட்டைத் துறையான கேம் கமிஷன் வெளியிடும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாடி, அதாவது நெஞ்சிலிருந்து தொங்கும் மயிர்க்கற்றை, உள்ள பறவையை மட்டும்தான் சுடலாம். சில பெட்டைகளுக்கும் நெஞ்சில் தாடி முளைக்கும், அதைச் சுடுவதும் சட்டப்படி குற்றமில்லை, ஆனால் முட்டையிடுகிற பருவத்தில் அதைச் சுட்டு என்ன சாதிக்கப் போகிறோம், விட்டுவிடுங்கள். இரை போட்டு வரவழைக்கக் கூடாது, பதிவு செய்த ஒலியை ஸ்பீக்கரில் போடக் கூடாது, ரைஃபிள் கூடாது. அப்புறம் முக்கியமான ஒன்று: பென்சில்வேனியாவில் வசந்த கால வான்கோழியைக் கூப்பிட்டுத்தான் சுட வேண்டும், சத்தம் வரும் திசையில் பதுங்கிப் பதுங்கிப் போய்ச் சுடுவது சட்டவிரோதம். காரணம் எளிது, நீங்கள் பதுங்கிப் போகும் அந்தச் சத்தத்தை எழுப்புவது மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதராக இருக்கலாம்.

நம் ஆட்களில் பலர் எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. அதற்குள்ள விலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. ஆகவே லைசென்ஸ் முதலில், துப்பாக்கி அப்புறம். நண்பருடைய துப்பாக்கியைக் கொஞ்ச நேரம் வாங்கிப் பிடிப்பதாக இருந்தாலும் இதே வரிசைதான். விசா விஷயத்தில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்வது புத்திசாலித்தனம். கிரீன் கார்டு இருப்பவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. ஊருக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தைக் கூடவே கொண்டுபோகாதீர்கள், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழியைத் தொட்டாலும் விடாது.

சேவலைத் தெரிந்துகொள்வது

குளிர்காலத்தில் சேவல்கள் ஒரு கூட்டமாகவும் பெட்டைகள் வேறு கூட்டமாகவும் திரியும். மார்ச் நடுவிலிருந்து அந்தக் கூட்டங்கள் கலையத் தொடங்கும், சில பறவைகள் மைல் கணக்கில் நகர்ந்துவிடும். அதனால் மார்ச்சில் கேட்ட குரலை மட்டும் நம்பி மே மாதத்துக்குத் திட்டம் போட வேண்டாம். மார்ச்சில் கேட்பது அந்தப் பகுதியில் பறவை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஏப்ரல் கடைசி இரண்டு வாரத்தில் கேட்பதுதான் உங்கள் சேவலின் முகவரி.

காற்றில்லாத காலையில், வெளிச்சம் வருவதற்கு முன்பே, உயரமான ஒரு இடத்தில் போய் நில்லுங்கள். மலை முகடு, மரம் வெட்டிய பாதை முடிகிற இடம், சாலையோரம் வண்டி நிறுத்தும் இடம், எதுவானாலும் சரி. நல்ல காலையில் சேவல் கூவுவது ஒரு மைல் தூரத்துக்குக்கூடக் கேட்கும். கேட்ட திசையைப் போனில் இருக்கும் வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டுவிட்டு, மறுநாள் வேறொரு இடத்திலிருந்து கேட்டு இன்னொரு கோடு போடுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் அது அடையும் சரிவு. மரத்தைத் தேடிக்கொண்டு அடியில் போய் நிற்காதீர்கள். வான்கோழி ஊதலை இந்த நாட்களில் வாயில் வைக்கவே கூடாது, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். சீசனுக்கு முன்னால் கூப்பிட்டு விளையாடுகிறவர்கள் சேவலுக்குப் பாடம் நடத்துகிறார்கள், அவ்வளவுதான். கூவ வைத்தே ஆக வேண்டுமென்றால் ஆந்தை மாதிரியோ காக்கை மாதிரியோ ஒரு குரல் கொடுங்கள். வசந்த காலச் சேவல் திடீரென்று எழும் பெரிய சத்தத்துக்குத் தன்னையறியாமல் பதில் கூவும். கார்க் கதவைச் சாத்தினால்கூடச் சில கூவும்.

வெயில் ஏறிய பிறகு, பறவைகள் வேறு பக்கம் போயிருக்கும் நேரம் பார்த்து, தரையில் தடயம் தேடுங்கள். சேவலின் எச்சம் நீளமாக, நுனி வளைந்து இருக்கும், பெட்டையின் எச்சம் சுருண்டு குவியலாக இருக்கும். ஈரமண் பாதையில் கால் தடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய கோடுகள் தெரிந்தால், அது தோகை விரித்து ஆடும்போது இறகு நுனி தரையில் உரசிய அடையாளம். அந்த இடத்தைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சேவல் ஆடுவதற்கென்று வைத்திருக்கும் இடம் பெரும்பாலும் திறந்த வெளியாக, தூரத்திலிருந்து பெட்டைகள் பார்க்கக்கூடியதாக இருக்கும்: வயலின் மூலை, ஓக் மரங்களுக்குள் சமதளமான ஒரு முகடு, கைவிடப்பட்ட மரவண்டிப் பாதை. புழுதிக் குளியல் பள்ளங்களையும், காய்ந்த இலையைக் கிளறிப் போட்டிருக்கும் இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் அதன் ஒருநாள் சுற்று ஓரளவு பிடிபடும்.

அதே சேவல்தானா என்று எப்படி அடையாளம் காண்பது? குரல் முதல் வழி. ஒன்று கரகரவென்று தொண்டை கட்டிய மாதிரி கூவும், ஒன்று பாதியில் நிறுத்தும், ஒன்று மூச்சுவிடாமல் இரண்டு முறை சேர்த்துக் கூவும். விசிறி வாலில் உடைந்த இறகு, தாடியின் நீளம், நொண்டல், இதையெல்லாம் பைனாகுலரில் பார்க்கலாம். ஜேக்குக்கு விசிறியின் நடு இறகுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், தாடி நாலைந்து அங்குலத்தைத் தாண்டாது. வயது சொல்வது கால்முள். ஒரு வயதில் வெறும் குமிழாக இருக்கும், இரண்டு வயதில் ஒரு அங்குலத்துக்குள், அதற்கு மேல் நீண்டு கூராகி வளைந்திருந்தால் அது மூன்று வயதைத் தாண்டிய பறவை. ஆனால் கால்முள் எல்லாம் கையில் வந்த பிறகுதான் ஒழுங்காகத் தெரியும் என்பது வேறு விஷயம்.

சேவலின் ஒரு நாள்

இது புரிந்துவிட்டால் எப்போது கூப்பிடுவது, எப்போது வாயைக் கட்டுவது என்பது தானாக வரும். வெளிச்சம் வருவதற்கு முன் கிளையிலிருந்தே கூவத் தொடங்கும். பெட்டைகளும் பக்கத்து மரங்களில் அடைந்திருக்கும். சூரியன் எட்டிப் பார்க்கும் நேரத்தில் இறங்கும், பெட்டைகள் சுற்றி நிற்க, ஆடும் இடத்துக்குப் போகும். பெட்டை ஏறத்தாழ நாளுக்கு ஒரு முட்டை என்று இரண்டு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும். அதற்காகக் காலை நடுவில் சேவலை விட்டுவிட்டு நைசாகக் கூட்டுக்குப் போய்விடும். அதனால்தான் ஒன்பதரை மணியிலிருந்து நண்பகல் வரை தனியாக விடப்பட்ட சேவல் மறுபடி கூவிக்கொண்டு அலையும். எனக்கு ஒரு நேரம்தான் கிடைக்கும் என்றால் விடியற்காலையை விட்டுவிட்டு இந்த நேரத்தைத்தான் எடுத்துக்கொள்வேன், ஆனால் பாதிப் பேர் எட்டு மணிக்கே காபி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

மே நடுவுக்குப் பிறகு பெட்டைகள் அடைகாக்க உட்கார்ந்துவிடும், 28 நாள். அப்போது சேவலுக்கு விடியற்காலையிலிருந்தே துணை இல்லை. சீசனின் முதல் வாரத்தில் உங்களைத் திரும்பியே பார்க்காத அதே பறவை கடைசி வாரத்தில் ஓடிவரும். கொசு கடிக்கும், இலை அடர்ந்து பார்வை மறைக்கும், காட்டில் ஆளே இருக்காது. ஒரு குறிப்பிட்ட சேவலைத் தேடுகிறவர்களுக்கு அதுதான் நல்ல காலம்.

முந்தின நாள் சாயங்காலமும் மறுநாள் காலையும்

கிழக்கத்திய வான்கோழி தினமும் ஒரே மரத்தில் அடையாது, ஒரே சரிவின் வேறு வேறு மரங்களில் அடையும். அதனால் முந்தின நாள் பொழுது சாயும் நேரத்தில் போய்க் கேட்க வேண்டும். கனத்த சிறகடிப்புச் சத்தம், கிளைகள் முறியும் சத்தம் கேட்டால் ஏறிவிட்டது என்று அர்த்தம். இருட்டிய பிறகு சத்தம் போடாமல் திரும்பி வாருங்கள்.

மறுநாள் வெளிச்சம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். வான்கோழிக்கு இருட்டில் கண் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் காது தெரியும். இலை இன்னும் துளிர்க்காத தொடக்க வாரத்தில் 150 கஜம் தள்ளியும், இலை அடர்ந்த பிறகு 100 கஜம் வரையிலும் போகலாம். பேராசைப்பட்டு அதற்கு மேல் நெருங்கினால் தலைக்கு மேலே ‘பட்’ என்று ஒரு எச்சரிக்கைக் குரல் கேட்கும், அன்றைய கதை அதோடு முடிந்தது. உட்காரும் இடம் சேவலின் மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ இருக்கட்டும், கீழே இறங்கி வருவதைவிட மேலே ஏறி வருவது அதற்குப் பிடிக்கும் என்று அனுபவஸ்தர்கள் எல்லோரும் சொல்வார்கள், நான் பார்த்த வரையிலும் அப்படித்தான். நடுவில் ஓடை, முள்கம்பி வேலி, அடர்ந்த புதர் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பறந்து தாண்ட முடியாதா என்று நமக்குத் தோன்றும். முடியும், ஆனால் தாண்டாமல் அந்தப் பக்கமே நின்று கூவிக்கொண்டிருக்கும்.

உங்கள் தோளைவிட அகலமான மரத்தில் சாய்ந்து உட்காருங்கள். வலது கைக்காரர் என்றால் இடது தோள் சேவல் வரும் திசையைப் பார்க்கட்டும், முழங்காலை மடக்கித் துப்பாக்கியை அதன் மேல் வைத்துவிடுங்கள். முகத்துக்கும் கைக்கும் மறைப்பு அவசியம். கண் பக்கவாட்டில் இருப்பதால் வான்கோழி தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி முக்கால்வாசி வட்டத்தைப் பார்க்கும், நிறமும் நன்றாகத் தெரியும். அசையாமல் உட்காருவது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

கூப்பிடுவதற்கு ஒரு பாக்ஸ் கால் (மூடியை உரசும் மரப்பெட்டி), ஒரு ஸ்லேட் கால் (குச்சியால் தேய்க்கும் பலகை), கை இரண்டும் சும்மா இருக்க வேண்டிய கடைசி நிமிடத்துக்கு வாய்க்குள் வைத்து ஊதும் ஒரு டயாஃப்ரம், இவை போதும். பெட்டையின் குரல்களில் யெல்ப், கிளக், பர் என்ற மூன்றும் சுமாராக வந்தாலே போதும், போட்டிக்கா போகிறோம்? கிளையில் இருக்கும்போது தூக்கக் கலக்கத்தில் பெட்டை முனகுவது போல மெல்லிசாக இரண்டு மூன்று யெல்ப். அது பதில் கூவிவிட்டதா, ஊதலைக் கீழே வைத்துவிடுங்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அதற்கு மிகச் சரியாகத் தெரிந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் பெட்டைதான் தன்னிடம் வரப் போகிறது என்று நினைத்துக்கொண்டு கிளையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கும். தரையில் இறங்கிய பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் உற்சாகமாக.

வராத சேவல்களை என்ன செய்வது

பெட்டைகளோடு இருக்கும் சேவல். இதுதான் தொடக்க வாரத்தில் எல்லோருக்கும் வரும் தலைவலி. கூவிக்கொண்டே இருக்கும், ஆனால் தூரமாகப் போய்க்கொண்டிருக்கும், ஏனென்றால் பெட்டைகள் போகும் வழியில்தான் அது போகும். இங்கே சேவலிடம் பேசிப் பயனில்லை. கூட்டத்தின் தலைமைப் பெட்டையிடம் பேசுங்கள். அது என்ன குரல் கொடுக்கிறதோ அதையே அப்படியே திருப்பிக் கொடுங்கள், அது சத்தத்தைக் கூட்டினால் நீங்களும் கூட்டுங்கள், அது முடிப்பதற்குள் குறுக்கே பேசுங்கள். யாரிவள் புதிதாக என்று அது கோபத்தோடு தேடி வந்தால் சேவல் பின்னாலேயே வரும். வரவில்லையா, விட்டுவிட்டு எழுந்து போய் அதன் ஆடும் இடத்தில் பத்து மணிக்கு உட்காருங்கள். பெட்டைகள் கூட்டுக்குப் போன பிறகு அது அங்கேதான் வந்து நிற்கும்.

பாதி வழியில் நிற்கும் சேவல். 60, 70 கஜம் வரை வந்து, அங்கேயே நின்று தோகை விரித்து மேலும் கீழும் நடக்கும், இம்மியும் நகராது. இது மாப்பிள்ளை முறுக்கு. இயற்கையில் சேவல் கூவினால் பெட்டைதான் போக வேண்டும், அதனால் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது, இனி நீ வா என்று நிற்கிறது. இதற்குப் பெரும்பாலும் உட்கார்ந்த இடம்தான் காரணம். சத்தம் வந்த இடம் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்ததும், அங்கே பெட்டை நிற்க வேண்டுமே, காணோமே என்று நின்றுவிடும். திறந்த காட்டில் நூறு கஜம் தெரிகிற மாதிரி உட்கார்ந்தால் நூறு கஜத்தில்தான் நிற்கும். ஆகவே நீங்கள் இருக்கும் இடம் அதன் கண்ணில் முதன்முதலாகப் படும் புள்ளியே துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள் இருக்கும்படி உட்காருங்கள். பாதையின் வளைவு, முகட்டின் விளிம்பு, விழுந்து கிடக்கும் பெரிய மரம், இவற்றிலிருந்து 30 கஜம் உள்ளே. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால் பாதிப் பிரச்சினை வராது.

ஏற்கெனவே நின்றுவிட்டது என்றால் முதல் மருந்து மௌனம். கையால் காய்ந்த இலையைப் பெட்டை கிளறுவது போல லேசாகக் கிளறுங்கள், மற்றபடி ஒன்றும் வேண்டாம். அரை மணி நேரம் ஆகலாம். நண்பரோடு போயிருந்தால் அவர் ஐம்பது கஜம் பின்னால் போய், விலகிப் போகும் பெட்டை போலக் கூப்பிடட்டும், நீங்கள் முன்னால் அப்படியே இருங்கள். ஒரே சேவல் நாள்தோறும் அதே இடத்தில் நிற்கிறது என்றால் நாளை அந்த நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டியதுதான்.

வாய் திறக்காத சேவல். ஸ்டேட் கேம் லேண்ட்ஸ் மாதிரி யார் வேண்டுமானாலும் வேட்டையாடக்கூடிய இடங்களில் முதல் வாரத்துக்குள் ஒவ்வொரு சேவலும் எல்லா வகை ஊதலையும் கேட்டு முடித்திருக்கும். கிளையில் இரண்டு முறை கூவிவிட்டு இறங்கியதும் ஊமையாகிவிடும். அது வராமல் இல்லை, சத்தமில்லாமல் வரும், அதுவும் உங்கள் பின்பக்கமாக. கடைசிக் கூவல் கேட்டு முக்கால் மணி நேரம் ஆகும் வரை எழுந்திருக்காதீர்கள். எழுந்த அடுத்த நொடி இருபது கஜத்தில் சிறகடித்துப் பறக்கும் சத்தம் கேட்பது இந்த வேட்டையில் சகஜம். காதைத் தீட்டி வைத்துக்கொண்டால் கூவல் இல்லாவிட்டாலும் ‘ஸ்ப்ட்… ட்ம்ம்ம்’ என்று ஒரு அடிவயிற்று ரீங்காரம் கேட்கும், தோகை விரித்து ஆடும்போது சேவல் எழுப்பும் சத்தம். அது கேட்டுவிட்டால் மிக அருகில் இருக்கிறது, கண்ணிமையைக்கூட மெதுவாக அசையுங்கள். இப்படிப்பட்ட சேவலுக்கு மற்றவர்கள் வராத திசையிலிருந்து வருவது நல்ல பலன் தரும். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து எல்லோரும் ஏறும் பாதையை விட்டுவிட்டு, மலையின் மறுபக்கமாகச் சுற்றி வாருங்கள். கால் வலிக்கும்தான்.

வயலில் நிற்கும் சேவல். மேய்ச்சல் நிலத்தின் நடுவில் எல்லாத் திசையும் தெரியும்படி நின்றுகொண்டு நாள் முழுக்க ஆடும். போலிப் பெட்டை பொம்மை ஒன்றை இங்கே வைக்கலாம், கூடவே ஒரு போலி ஜேக்கை வைத்தால் பொறாமையில் சண்டைக்கு வரும். அடிவாங்கிப் பயந்துபோன சேவல் போலி ஜேக்கைப் பார்த்து ஓடவும் செய்யும், அதனால் உங்கள் சேவல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டு வையுங்கள். போலியை 20 கஜத்தில், உங்களைப் பார்த்தபடி வையுங்கள், சேவல் சுற்றி அதன் முன்பக்கத்துக்கு வரும்போது உங்களுக்கு முதுகைக் காட்டும். மழை நாட்களில் வான்கோழி வயலுக்கு வந்துவிடும், காடு முழுக்க நீர் சொட்டும் சத்தத்தில் அதற்கு எதுவும் சரியாகக் கேட்காது. விசிறி வாலைக் கையில் பிடித்து மறைத்துக்கொண்டு தவழ்ந்து போகிறார்களே, வீடியோவில் பார்த்திருப்பீர்கள், அதைச் செய்யாதீர்கள். வான்கோழி வேடத்தில் தவழ்வது, துப்பாக்கி வைத்திருக்கும் மற்றவர்களுக்கு முன்னால்.

உயிரோடு வீடு திரும்ப

சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம். இந்த மூன்று நிறமும் உங்கள் உடம்பில் எங்கும் தெரியக் கூடாது, கைக்குட்டை, காலுறை உட்பட. நடந்து போகும்போது ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், போலிப் பறவையையும் சுட்ட பறவையையும் பைக்குள் அல்லது ஆரஞ்சுத் துணியில் சுற்றித்தான் தூக்க வேண்டும். வேறொரு வேட்டைக்காரர் வருவது தெரிந்தால் கையை ஆட்டாதீர்கள், விசிலடிக்காதீர்கள், மனிதக் குரலில் சத்தமாகப் பேசுங்கள். அன்றைய வேட்டை கெட்டுப்போகட்டும், பரவாயில்லை.

அப்புறம் உண்ணி. பென்சில்வேனியாவில் லைம் நோய் அதிகம், மே மாதத்தில் தரையில் மணிக்கணக்காக உட்காருகிறோம். துணிக்கு முந்தின நாளே பெர்மெத்ரின் தெளித்துக் காயவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் இடுப்பு, அக்குள், முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால் எல்லாம் தேடுங்கள்.

சுடுவதும் அதன் பிறகும்

சேவல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு துப்பாக்கியைத் தூக்க ஒரே வாய்ப்பு, அதன் தலை மரத்துக்குப் பின்னாலோ விசிறிக்குப் பின்னாலோ மறையும் நொடி. குறி உடம்பில் இல்லை, கழுத்தும் தலையும்தான். தோகை விரித்திருக்கும்போது கழுத்து மடங்கியிருக்கும், சுடாதீர்கள். மெல்லிசாக ஒரு கிளக் கொடுத்தால் தலையைத் தூக்கிப் பார்க்கும், அப்போது. பின்னால் வேறு பறவை நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

40 கஜத்துக்கு மேல் வேண்டாம். 12 கேஜ் ஆனாலும் 20 கேஜ் ஆனாலும் உங்கள் துப்பாக்கி, அதன் குழல் முனையில் மாட்டும் சோக், நீங்கள் வாங்கிய தோட்டா மூன்றும் சேர்ந்து எப்படி ரவையை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளை) பரப்புகிறது என்று சீசனுக்கு முன்பே காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். 40 கஜத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவை என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. ரவையின் அளவு ஈயத்தில் 5 அல்லது 6ஆம் எண், டங்ஸ்டனில் 9ஆம் எண் போதும், டங்ஸ்டன் ஈயத்தைவிட மிகவும் அடர்த்தியானது என்பதால் சின்ன ரவையே ஆழமாகப் போகும். விலையைக் கேட்டால் நெஞ்சடைக்கும். பத்து கஜத்திலும் ஒரு முறை சுட்டுப் பாருங்கள், அவ்வளவு அருகில் ரவை கைமுட்டி அளவுக்குத்தான் விரிந்திருக்கும், கொஞ்சம் நகர்ந்தாலும் மொத்தமாகத் தவறும்.

விழுந்ததும் சேஃப்டியைப் போட்டுவிட்டு வேகமாகப் போங்கள், சிறகடித்து ஓடப் பார்க்கும். காலைப் பிடிக்கும்போது முள் கையைக் கிழித்துவிடும், பார்த்துப் பிடியுங்கள். டேக்கை எழுதி உடனே கட்டுங்கள், பத்து நாளுக்குள் கேம் கமிஷனுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். காலில் உலோக வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக்காகக் குளிர்காலத்தில் வான்கோழிகளைப் பிடித்து வளையம் மாட்டி விடுகிறார்கள், அதிலுள்ள எண்ணைத் தெரிவித்தால் உங்கள் சேவலை எங்கே, எப்போது பிடித்தார்கள் என்பது தெரியவரும். நீங்கள் வாங்கும் துப்பாக்கி, தோட்டா விலையில் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு வரி இருக்கிறது, அது மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத்தான் போகிறது. பல மாநிலங்களில் அழிந்தே போயிருந்த வான்கோழியைக் காட்டில் பிடித்து வேறு காட்டில் விட்டு மீட்டெடுத்ததில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு.

வெயில் நாளாக இருந்தால் குடலைக் காட்டிலேயே எடுத்துவிட்டு உள்ளே காற்றோட விடுங்கள். மார்பைத் தனியாக எடுத்து நாருக்குக் குறுக்கே மெல்லிசாக நறுக்கி மிளகு போட்டுச் சுக்கா வறுவல் செய்யலாம், அதிக நேரம் அடுப்பில் விட்டால் வறண்டுவிடும். காலும் தொடையும் கடைக் கறி மாதிரி இருக்காது, நரம்பு நரம்பாக இருக்கும், நிறையப் பேர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். குக்கரில் நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் வேகவிட்டு, நரம்பை உருவிப் போட்டுவிட்டுக் குழம்பு வையுங்கள். நறுக்கும்போது ஒவ்வொரு துண்டையும் விரலால் அழுத்தி ரவை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஈயம் உடம்புக்கு ஆகாது, டங்ஸ்டன் பல்லை உடைத்துவிடும்.